கதவு அட்டை செய்த ராஜகனி டீச்சர்

அன்று காலை எங்கள் வட்டார ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் முதல் செய்தி நான் போட்டதுதான். "எல்லாப் பள்ளிகளிலும் கதவு அட்டைகள் பயன்பாட்டில் உள்ளனவா என்ற விவரத்தை இன்று மாலைக்குள் புகைப்படத்துடன் அனுப்பவும்." போட்டுவிட்டு விளாத்திகுளத்தில் நாகலாபுரம் பஸ் ஏறினேன். ஊர் தாண்டியதும் எடுத்துப் பார்த்தால் வரிசையாகக் கும்பிட்ட கைகள். 'சரி சார்' என்பதற்கு எங்கள் ஆசிரியர்கள் போடுகிற கைதான். நடுவில் ஒரு வரி: "நம் ராஜகனி டீச்சர் இன்று காலை காலமானார்கள்." அதற்குக் கீழேயும் கும்பிட்ட கைகள். எந்தக் கை என்னுடைய உத்தரவுக்கு, எந்தக் கை டீச்சருக்கு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் போய்க்கொண்டிருந்ததே டீச்சருடைய பள்ளிக்குத்தான்.

அவருடன் வேலை பார்த்த ஷீலா டீச்சருக்கு போன் போட்டேன். அழுதுகொண்டே எடுத்தார். "ஆமா சார், தவறிட்டாவ. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி, செருப்ப மாட்டப் போனாவளாம். நெஞ்சு கரிக்கின்னு உக்காந்தாவ, அவ்வளவுதான்." பிறகு, "சார், நீங்க கேட்ட போட்டோ நம்ம பள்ளிக்கூடத்துல எடுக்க முடியாதே சார், என்ன செய்ய?" என்றார். அந்த நிலையிலும் அவருக்கு என் உத்தரவு ஞாபகத்தில் இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏன் எடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அந்தப் பள்ளியின் கதவு அட்டைகளில் கதவுகள் இல்லை. ராஜகனி டீச்சர் எல்லாவற்றையும் கத்தரித்து எடுத்துவிட்டார்.

அவரை அறிந்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். அவருடைய சிரிப்பைப் பற்றியும், மதியம் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவதைப் பற்றியும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல வேண்டியது வேறு ஒன்று. அவர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்லும்போது, அவருக்கு அது ஏற்கனவே தெரியுமா தெரியாதா என்ற குழப்பமும் சேர்ந்துகொண்டது. தெரிந்திருந்தால் அவர் நடந்துகொண்ட விதத்துக்கு ஓர் அர்த்தம், தெரியாதிருந்தால் வேறு அர்த்தம். இரண்டில் எது என்று தெரியாமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாசிப்புத் திட்டத்துக்காக எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் ஒரு பெட்டி வந்தது. அதில் அறுபது அட்டைகள். அட்டையின் மேல் பாதியில் படம், கீழ்ப் பாதியில் சொல். கூடவே ஆசிரியருக்கு ஒரு கையேடு. எந்த நாளில் எந்த அட்டை, ஆசிரியர் என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கையேட்டின்படி நடக்கிறதா என்று பார்த்து எழுதுவது ஆசிரியர் பயிற்றுநரான என் வேலை. டீச்சர் அந்தக் கையேட்டை விரித்துவைத்துக்கொண்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: "ஆசிரியர் சிரித்த முகத்துடன் கேட்க வேண்டும்னு போட்டிருக்கு சார். பல்லு தெரியணுமா, தெரியாண்டாமா?" நான் சிரிக்கவில்லை. அப்போது நான் புதிதாகப் பதவிக்கு வந்தவன். கையேடு என்றால் எனக்கு வேதம்.

அன்று இரண்டாம் வகுப்பில் கருப்பசாமி என்ற பையனிடம் 'மழை' என்ற அட்டையை நீட்டினேன். படத்தில் ஒரு பிள்ளை குடை பிடித்துக்கொண்டு நின்றது. கருப்பசாமி நன்றாகப் பார்த்துவிட்டு, சத்தமாக "வெயிலு" என்றான். நான் தாளில் தவறு என்று குறித்தேன். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சார், அவன் மேல தப்பில்ல. இங்கன குடை எதுக்குப் பிடிக்காவ? வெயிலுக்குத்தான பிடிக்காவ? அவனுக்கு விவரம் தெரிஞ்சு மழைக்குக் குடை பிடிச்ச ஆள அவன் எங்க கண்டான்?" சொல்லிவிட்டு அவரே சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "ஆனா ஒண்ணு சார். அவன் எழுத்தப் பாக்கவே இல்ல. இந்தப் பிள்ளைய எல்லாம் படத்தப் பாத்துத்தான் சொல்லுதாவ. நாம படிக்காவன்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம்." அது எனக்கு உறைக்கவில்லை. நான் மற்ற பிள்ளைகளுக்குக் குறி போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த தடவை போனபோது அட்டைகளுக்குக் கதவு முளைத்திருந்தது. டீச்சரின் வீட்டுக்காரர் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். அங்கே கழித்துப் போடும் அட்டைகளை டீச்சர் வாங்கி வரச் சொல்லி, படத்தை மறைக்கிற அளவுக்கு வெட்டி, ஒரு ஓரத்தில் மட்டும் துணியை ஒட்டிக் கதவு போலத் தொங்கவிட்டிருந்தார். பிள்ளை முதலில் கீழே இருக்கிற சொல்லைப் படிக்க வேண்டும். பிறகு கதவை விரலால் தட்ட வேண்டும். திறந்தால் படம். சரியாகப் படித்திருந்தால் வகுப்பே கை தட்டும். அந்த வருடத்துப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு கதவு தட்ட வந்தார்கள். கருப்பசாமி மூன்று எழுத்துச் சொற்களை எல்லாம் விரல் வைத்துப் படித்தான். கதவு அவனுக்குப் பெரிய விளையாட்டாக இருந்தது. கையேட்டில் கதவு கிடையாது. ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை, 'கையேட்டின்படி' என்றே எழுதினேன். என் வேலையில் நான் எழுதிய முதல் பொய் அது. அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

வருத்தம் அதற்குப் பிறகு நடந்ததில். ஒரு கதவு அட்டை மாதிரிக்கு வேண்டும் என்று கேட்டேன். 'மழை' அட்டையை எடுத்துக் கொடுத்தார். "திருப்பிக் கொண்டாந்துரணும் சார், கருப்பசாமி தேடுவான்" என்றார். அடுத்த வாரம் கொண்டு வருகிறேன் என்றேன். அந்த வாரத்திலேயே வெளியூரில் ஒரு பயிலரங்கம். ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் புதிதாக ஏதாவது சொல்லச் சொன்னார்கள். எனக்கு முன்னால் பேசியவர்களெல்லாம் திரையில் படம் போட்டு அசத்தினார்கள். என்னிடம் இருந்தது தீப்பெட்டி அட்டை ஒட்டிய அந்த ஓர் அட்டை. வெயில் கதையைச் சொன்னேன். அரங்கம் சிரித்தது. கதவைத் தட்டித் திறந்து காட்டினேன். கை தட்டினார்கள். "யார் செய்தது?" என்று மேடையில் இருந்தவர் கேட்டார். "எங்கள் வட்டாரத்தில் செய்து பார்த்தோம் சார்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். நான் செய்தேன் என்று சொல்லவில்லை. அவர் செய்தார் என்றும் சொல்லவில்லை. பெயரைச் சொல்ல எத்தனை நொடி ஆகும்? கையேட்டை மீறியவர் என்று டீச்சருக்குச் சிக்கல் வந்துவிடக் கூடாதே என்றுதான் சொல்லவில்லை என்று பல வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மையும் உண்டு. மீதிப் பாதி, எனக்குக் கிடைத்த பாராட்டுச் சான்றிதழாகச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் தொங்கியது. அடுத்த பதிப்புப் பெட்டியில் அறுபது அட்டைக்கும் அச்சடித்த கதவு வந்தது. நம் வட்டாரத்தில் பலரும் அதை என்னுடைய கதவு என்றே சொல்கிறீர்கள். நான் ஒருநாளும் மறுக்கவில்லை. அது ராஜகனி டீச்சருடைய கதவு. எல்லோருக்கும் தெரியட்டும்.

புதுப் பெட்டி போன பிறகு அவர் பள்ளிக்கு நான் போகவே கொஞ்ச நாள் ஆனது. என்ன சொல்வார் என்று பயம். போனேன். அவர் எப்போதும் போல நாற்காலியைத் துடைத்துப் போட்டார், பிள்ளைகளை வணக்கம் சொல்ல வைத்தார். பெட்டியைத் திறந்தேன். ஓர் அட்டையிலும் கதவு இல்லை. நேர்த்தியாகக் கத்தரித்து எடுத்து, படத்தின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டியிருந்தார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. எல்லோரும் என்னுடையது என்று சொல்லும் கதவு அல்லவா! பிள்ளைகள் முன்னாலேயே கேட்டுவிட்டேன். "என்ன டீச்சர் இது? அரசாங்கம் கொடுத்த பொருளை இப்படியா நாசம் பண்ணுவீங்க?"

"இந்த வருசத்துப் பிள்ளையளுக்குக் கதவு ஆகாது சார்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். என்னை வெளியே வராந்தாவுக்கு அழைத்துப்போய் மெதுவாகச் சொன்னார். அந்த வருடம் வந்த பிள்ளைகள் கூச்சப்பட்டவர்கள். தப்பாகப் படித்துவிட்டுக் கதவைத் திறந்தால் படம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஒருவர் சிரித்தால் மற்றவர்களும் சிரிக்கிறார்கள். மாரீஸ்வரி என்ற பிள்ளை இரண்டு வாரமாக வாயையே திறக்கவில்லை. கதவைத் தட்டச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். "அன்னைக்கு இருந்த பிள்ளைய ஜெயிக்கணும்னு வந்தாவ. இவிய தப்பாயிருமோன்னு வாராவ. அந்தச் சட்டைய இவியளுக்கு மாட்ட முடியுமா சார்?"

இப்போது பிள்ளைகளே அந்த வெள்ளைத் தாளில் படம் போடுகிறார்களாம். படித்தது சரியா என்று யாரும் சொல்வதில்லை, படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். மாரீஸ்வரியின் 'வீடு' அட்டையைக் காட்டினார். ஒரு சதுரம், அதன் தலைமேல் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். எனக்குப் புரியவில்லை. "மொட்ட மாடியில மொளகா வத்தல் காயுது சார். அவ வீடு அதுதான்." அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. உள்ளே போய் அட்டைகளை எண்ணினேன். ஐம்பத்தொன்பது இருந்தன. என் பார்வை அறிக்கையில் எழுதினேன்: ஐம்பத்தொன்பது அட்டைகள் சேதப்படுத்தப்பட்டுள்ளன, ஓர் அட்டையைக் காணவில்லை. எந்த அட்டை என்று பார்க்கவில்லை. எண்ணிக்கை போதும் என்று நினைத்தேன். எழுதும்போது அவர் பக்கத்தில்தான் நின்றார். "நீங்க எழுதுறத எழுதுங்க சார். நான் செய்யுதத செய்யுதேன்" என்றார். அதில் கோபம் இருந்ததா என்று இப்போது எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் பிடிபடவில்லை.

விளக்கம் கேட்டு அவருக்குக் குறிப்பாணை போனது. தான் கண்டுபிடித்த கதவைத் தானே கத்தரித்ததற்கு ஓர் ஆசிரியரிடம் விளக்கம் கேட்டது உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது. கேட்க வைத்தவன் நான். அவருடைய பதில் என் வழியாகத்தான் மேலே போனது. பிரித்தேன். இரண்டே வரி. "இவ்வாண்டு மாணவர்களின் நலன் கருதிக் கதவுகள் அகற்றப்பட்டன. காணவில்லை என்று குறிப்பிடப்பட்ட அட்டை பத்திரமாக உள்ளது." கதவு தன்னுடைய யோசனை என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. அதற்கு மேல் நடவடிக்கை இல்லாமல் கோப்பு மூடப்பட்டது.

பிறகும் இரண்டு முறை போனேன். ஒரு தடவை மட்டும், "அந்தப் பழைய மழை அட்டை என்னாச்சு சார்?" என்று கேட்டார். "ஆபீஸ்ல இருக்கு டீச்சர், கொண்டு வாரேன்" என்றேன். சரி என்றார். அப்புறம் கேட்கவே இல்லை. மாரீஸ்வரி வகுப்பின் வாசிப்பு எப்படி ஆனது என்று கேட்பீர்கள். அந்த இரண்டு முறையில் ஒன்று ஆண்டு முடிவுச் சோதனை, நான்தான் சோதித்தேன். சில பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள். சிலர் இன்னும் தடுமாறினார்கள். மாரீஸ்வரி என் முன்னால் வாயைத் திறக்கவில்லை. கதவு இருந்திருந்தால் கூடியிருக்குமா, குறைந்திருக்குமா, யார் சொல்ல முடியும்? அவர் செய்தது சரி என்று எழுதவும் எனக்குக் கணக்கு இல்லை, தவறு என்று எழுதவும் இல்லை.

செய்தி வந்த அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி, திரும்பி, மதியமே கோவில்பட்டிக்குத் துக்க வீட்டுக்குப் போனேன். அவருடைய வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க சார். உங்களப் பத்திப் பேசாத நாள் கிடையாது அவ." என்ன பேசுவார் என்று கேட்டிருக்கலாம். "அப்படியா அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜெபம் நடக்கும்போது டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உயிரோடு இருந்தவரை அந்த முகத்தில் எனக்கு எதுவும் பிடிபடவில்லை, அன்று மட்டும் என்ன பிடிபடப் போகிறது?

பத்து நாள் கழித்து ஷீலா டீச்சர் கூப்பிட்டார். டீச்சரின் மேசையை ஒழித்தபோது வருகைப் பதிவேட்டுக்குள் ஓர் அட்டை இருந்ததாம். "உங்களுக்குன்னு எழுதியிருக்கு சார், வந்து வாங்கிக்கிடுங்க." ஆபீஸ் பீரோவில் சான்றிதழ் வந்த உறைக்கு அடியில் கிடந்த, தீப்பெட்டி அட்டைக் கதவு போட்ட பழைய மழை அட்டையை எடுத்து, துடைத்து, பையில் வைத்துக்கொண்டு போனேன்.

ஷீலா டீச்சர் கொடுத்தது காணாமல் போனதாக நான் எழுதிய அறுபதாவது அட்டை. 'மழை'. அச்சடித்த கதவு அப்படியே இருந்தது. புள்ளி அழுக்கு இல்லை. பின்பக்கம் பென்சிலில் டீச்சரின் உருண்டைக் கையெழுத்து: "சார் வரும்போது காட்ட."

எதற்குக் காட்ட? ஒன்றையாவது சேதமில்லாமல் வைத்திருக்கிறேன் பாருங்கள் என்று காட்டவா? அப்படியானால் நான் எண்ணிக்கொண்டிருந்தபோதே காட்டியிருக்கலாமே, குறிப்பாணையே வந்திருக்காதே? அல்லது, நீங்கள் என்னிடமிருந்து வாங்கிப்போன மழை எங்கே போய், எப்படித் திரும்பி வந்திருக்கிறது பாருங்கள் என்று காட்டவா? அதற்குத்தான் என்றால், அறுபதில் இந்த ஒன்றை மட்டும் ஏன் வைத்தார் என்பதற்குப் பதில் கிடைத்துவிடுகிறது. ஆனால் பிள்ளைகள் முன்னால் நான் கத்திய அந்த நிமிடத்தில் அதை எடுத்துக் காட்டாமல் விட்டாரே, அது இரக்கமா, வெறுப்பா, இவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற அலுப்பா? ஷீலா டீச்சரிடம் கேட்டேன். "எனக்குத் தெரியாது சார். அவிய ஒண்ணும் சொன்னதில்ல" என்றார்.

வகுப்பறைக்குள் போனேன். கருப்பசாமி பெரிய பள்ளிக்குப் போய்விட்டான். அவன் தேடிய அட்டையைப் பெட்டிக்குள் வைப்பதற்காக எடுத்தபோது, முதல் வரிசையில் ஒரு பிள்ளை எட்டிப் பார்த்தது. மாரீஸ்வரி. மூன்றாம் வகுப்பு. கேட்கலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டே கதவை மூடியபடி அவள் முன்னால் வைத்தேன். கையேட்டில் சொன்ன சிரித்த முகம் எனக்கு வரவில்லை. அவள் கீழே குனிந்து எழுத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "மழை" என்றாள், காற்றுப் போல.

சரிதான் என்று காட்டுவதற்காகக் கதவில் விரல் வைத்தேன். அவள் சின்னக் கையை அதன் மேல் அழுத்திக்கொண்டாள். "தொறக்காண்டாம் சார். எனக்குத் தெரியும்."

நான் கையை எடுத்துவிட்டேன். தீப்பெட்டி அட்டைக் கதவு போட்ட அந்த மழை இப்போது அவர் பள்ளியில், அவர் பெட்டியில் இருக்கிறது. கதவு அட்டை விவரத்தை அனுப்ப வேண்டாம் என்று குழுவில் போட்டுவிட்டேன். சான்றிதழைச் சுவரிலிருந்து இறக்கியாயிற்று, அதை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. ராஜகனி டீச்சரிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அந்த அறுபதாவது அட்டை. சார் வரும்போது காட்ட என்று எழுதி வைத்திருந்தார். சார் மூன்று தடவை வந்தார், அவர் காட்டவில்லை. இப்போது நானே எடுத்து உங்கள் எல்லோருக்கும் காட்டுகிறேன்.